இரக்கம் தடையாகலாமா?

உடற்குறை உற்றவரைக் கண்டால் இரங்குதல் மனிதப் பண்பு. இதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. கடைவாயிலில் வந்து நிற்கும் காலற்றவருக்குக் கல்லாவிலிருந்து ஒரு வெள்ளி எடுத்துக் கொடாத வணிகர் நம்மில் மிகச் சிலரே. ஆயினும் இரங்கியதோடு நம் கடமை தீர்ந்துவிடுகிறதா என்பது ஒரு கேள்வி. அதனினும் கடினமான கேள்வி மற்றொன்றும் உண்டு. இரக்கத்தின் பெயரால் ஒருவருடைய வழியை அடைக்க நமக்கு உரிமை உண்டா? "உம்முடைய நன்மைக்காகவே சொல்லுகிறோம், வெளியே போக வேண்டாம், இதைச் செய்ய வேண்டாம், பேசாமல் இரும்" என்று நாம் ஒருவரிடம் சொல்லும்போது அவருக்கு நன்மை செய்கிறோமா, தீமை செய்கிறோமா? இதனை நம் வணிகச் சகோதரர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

இது வேலையற்றோர் திண்ணையில் பேசும் வீண் விசாரணையன்று. ஓர் அரசாங்கமும் ஓர் உச்ச நீதிமன்றமும் இதே கேள்வியை நேருக்கு நேர் சந்தித்திருக்கின்றன. 2017 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நேபாள அரசு தன் மலையேற்ற விதிகளைத் திருத்தியது. தனியாக ஏறுவோர், இரு கால்களையும் இழந்தோர், பார்வையற்றோர் ஆகிய மூவகையினரும் எவரெஸ்ட் முதலிய மலைகளில் ஏறுதல் கூடாது என்று விதித்தது. மலையில் நேரும் மரணங்களைக் குறைப்பதே நோக்கம் என்று காரணமும் கூறியது. காரணம் நல்லது, அதை எவரும் பழிக்க முடியாது. ஆனால் உடற்குறையுள்ளோர் நலம் பேணும் அமைப்புக்கள் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2018 மார்ச்சு மாதம் நேபாள உச்ச நீதிமன்றம் அத்தடையை நிறுத்தி வைத்தது.

அத்தடை எவருடைய வழியை மறித்ததோ, அவர்களுள் ஒருவர் ஹரி புதா மகர் என்னும் முன்னாள் போர்வீரர். அவர் பிரிட்டிஷ் இராணுவத்தின் கூர்க்காப் படையைச் சேர்ந்தவர். கூர்க்காக்கள் நம் நாடுகளுக்குப் புதியவர் அல்லர். 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நிலவியபோது காடுகளில் காவல் புரிந்தோருள் அவர்களும் உண்டு. சிங்கப்பூர்ப் போலீசில் 1949 இல் அமைக்கப்பட்ட கூர்க்காப் பிரிவு இன்றளவும் இருந்து வருகிறது. ஆகவே இந்த வீரரின் கதையை நம் வாசகர்கள் அன்னியர் கதையாக எண்ண மாட்டார்கள்.

அவர் 1979 இல் நேபாளத்தின் ரோல்பா மாவட்டத்தில், ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். வெறுங்காலோடு நடந்து பள்ளிக்குச் சென்றவர். பத்தொன்பதாம் வயதில் படையில் சேர்ந்தார். 2010 ஏப்ரல் 17 ஆம் நாள் ஆப்கானிஸ்தானத்தில் ரோந்து சென்றபோது, மண்ணில் புதைத்து வைத்திருந்த வெடியை மிதித்தார். இரு கால்களும் முழங்காலுக்கு மேலே போயின. 

முழங்காலுக்குக் கீழே கால் இழப்பதற்கும், மேலே இழப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர் பலர். முழங்கால் மூட்டு தப்பியிருந்தால் செயற்கைக் காலை மடக்கவும் நீட்டவும் சொந்தத் தசை இருக்கிறது. மூட்டும் போய்விட்டால் ஒவ்வோர் அடியையும் இடுப்பினாலும் வயிற்றுத் தசையினாலும் தூக்கி எறிந்து வைக்க வேண்டும். இரு பக்கமும் அவ்வாறாயின், சமதரையில் நடப்பதற்கே பிறரைவிட இருமடங்கிற்கு மேற்பட்ட உழைப்புச் செலவாகிறது. எஞ்சிய தொடையும் செயற்கைக் காலும் சேரும் குழியில் வியர்வை தேங்கும், தோல் உரியும், புண் உண்டாகும். கடையின் முன்னே அரையடிப் படி ஒன்று இருந்தால் அதுவே அவருக்கு ஒரு குன்று.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் காயம். கண்ணுக்குத் தெரியாத காயத்தைப் பற்றி அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தாம் பிறந்த பக்கத்தில், உடல் ஊனம் என்பது முற்பிறப்பின் பாவம், ஊனமுற்றவன் பூமிக்குப் பாரம் என்று மக்கள் நம்புவதைப் பார்த்து வளர்ந்ததாகவும், கால்களை இழந்தபின் தாமும் அவ்வாறே நம்பியதாகவும் கூறினார். வாழ்வு முடிந்தது என்று எண்ணினார். குடியில் விழுந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் வந்தது. ஒரு போர்வீரர், அதிலும் அஞ்சாமைக்குப் பெயர்போன கூர்க்கா, இவ்வளவையும் உலகறியச் சொல்வது எளிதன்று. மலை ஏறியதைக் காட்டிலும் இப்படிச் சொன்னதே பெரிய துணிவு என்று நாம் கருதுகிறோம். ஏனெனில் மலை ஏறியவனை உலகம் புகழ்கிறது. மனம் உடைந்ததென்று சொன்னவனை உலகம் இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது.

முற்காலத்தில் எப்படிப் பார்த்தது என்பதற்கு வரலாறு சான்று. முதல் உலகப்போரில் குண்டடி படாமலே கை நடுங்கி, பேச்சிழந்து, உறக்கமிழந்து வந்த வீரர்களைக் கண்டு மருத்துவர்கள் திகைத்தனர். 1915 இல் சார்ல்ஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் இந்நிலையை 'ஷெல் ஷாக்' என்ற பெயரால் மருத்துவ ஏட்டில் எழுதினார். ஆனால் இராணுவச் சட்டம் மருத்துவர் சொல்லைக் கேட்டு நடக்கவில்லை. களத்தைவிட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் பேரரசின் படைவீரர் 306 பேரைத் தம் சொந்தப் படையே சுட்டுக் கொன்றது. அவர்களுள் மனம் உடைந்து நோயுற்றிருந்தோரும் இருந்தனர் என்று அவர்களின் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வாதாடினர். 2006 இல்தான் பிரிட்டன் அவர்களுக்குச் சட்டப்படி மன்னிப்பு வழங்கியது. இடையே தொண்ணூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன! பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இம்மன நோய்க்கு அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் தனி இடம் தந்ததும் 1980 இல்தான். காலில் பட்ட காயத்துக்குக் கட்டுப் போட்ட மனிதன், மனத்தில் பட்ட காயத்தைக் குற்றம் என்று தண்டித்து வந்தான் என்பதே இதன் பொருள்.

நிற்க. புதா மகர் எவ்வாறு எழுந்தார்? வெளியே சென்றதனால் எழுந்தார். விமானத்திலிருந்து குதித்தார், படகு செலுத்தினார், பனியில் சறுக்கினார். ஒவ்வொன்றும் முடிந்தபின், இதுவும் நம்மால் ஆகிறதே என்ற எண்ணம் சிறிது சிறிதாகத் திரும்பி வந்தது. பிறகு மலைகளை நோக்கினார். 2017 இல் நேபாளத்தில் 6,476 மீட்டர் உயரமுள்ள மேரா சிகரத்தில் ஏறினார். அவ்வளவு பழகிய பின்னர் எவரெஸ்டுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோதுதான், முன்னே சொன்ன தடை வந்து குறுக்கே நின்றது. அவர் ஓயவில்லை, தடைக்கு எதிராகக் குரல் கொடுத்தார். தடை விலகிய பின்னும் பயிற்சியும் பணமும் சேரவேண்டியிருந்தது. இடையே கொள்ளைநோயும் உலகை முடக்கியது. முடிவில் 2023 மே 19 ஆம் நாள் பிற்பகல் எவரெஸ்டின் 8,849 மீட்டர் உச்சியில் நின்றார். முழங்காலுக்கு மேல் இரு கால்களையும் இழந்தவர் ஒருவர் அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறை.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். 2017 இன் விதி நின்றிருந்தால் அவர் ஏறியிருக்க முடியாது. அவ்விதியை இயற்றியவர்கள் கொடியவர்களா? இல்லை. மரணத்தைக் குறைக்க விரும்பினார்கள். பின் எங்கே பிழை?

இதனை வணிகர்களாகிய நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒருவருக்குச் சரக்குக் கடன் கொடுக்கும்போது நாம் எதனைப் பார்க்கிறோம்? இன்ன ஊரார் அனைவருக்கும் கடன் இல்லை என்று பலகை எழுதி மாட்டுகிறோமா? அவ்வாறு செய்பவர் வியாபாரம் அறியாதவர். ஆளைப் பார்க்கிறோம். முன்பு வாங்கியதைத் திருப்பினாரா, கையில் சரக்கு எவ்வளவு, பேச்சில் நாணயம் உண்டா, பிணை நிற்பவர் யார் என்று விசாரிக்கிறோம். பேரேட்டில் அவர் பெயருக்கு நேரே உள்ள கணக்கைப் பார்த்தே முடிவு செய்கிறோம். நேபாளத்து விதி அவ்வாறு ஆளைப் பார்க்கவில்லை, பட்டியலைப் பார்த்தது. போதிய பயிற்சியின்றிப் பணத்தை மட்டும் கொண்டுவந்த இருகால் மனிதருக்கு அது வழிவிட்டது. பதினைந்தாண்டு இராணுவத்தில் பழகி, ஆறாயிரம் மீட்டருக்கு மேல் ஏறி இறங்கிய காலற்றவரைத் தடுத்தது. ஆபத்தைத் தடுப்பதே நோக்கமானால் இருவருடைய தகுதியையும் ஒரே அளவுகோலால் அளந்திருக்க வேண்டாமா? இரக்கத்துக்கு ஒரு குறை உண்டு. அது பெரும்பாலும் குறையை மட்டும் பார்க்கிறது, ஆளை விசாரிப்பதில்லை.

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்வதையும் நேர்மையோடு கேட்க வேண்டும். "அவர் தம் உயிரைப் பணயம் வைப்பது அவர் விருப்பம் என்றே கொள்வோம். கூட வரும் செர்ப்பாக்களின் உயிர் என்னாவது? ஒருவருடைய ஆசைக்காகப் பலர் சாவதா?" என்பது அவர்களின் வாதம். இது வலிய வாதம். 2023 ஆம் ஆண்டுப் பருவம் எவரெஸ்டில் மரணம் மிகுந்த பருவங்களுள் ஒன்று என்பதையும் மறைப்பதற்கில்லை. மெதுவாக ஏறுபவரோடு செல்வோர், குளிரிலும் காற்றுக் குறைந்த உயரத்திலும் கூடுதல் நேரம் நிற்க நேரிடும்.

ஆனால் இவ்வாதம் காலற்றவரை மட்டும் தடுக்குமா என்று யோசிக்க வேண்டும். பிறருக்கு ஆபத்து என்பதே அளவுகோலானால், அது மலைக்குச் செல்லும் ஒவ்வொருவர்மீதும் பாயும். கூட வருவோருக்குத் தக்க கூலியும், தக்க உபகரணமும், போதிய பிராணவாயுவும், வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் தருவது ஏறுபவர் எல்லோருக்கும் உரிய கடமை. அத்தோடு, எங்கே நிறுத்தித் திரும்புவது என்பதை அறிந்திருப்பதும் கடமை.

இக்கடமையை நன்கு அறிந்த ஒருவரை இங்கே குறிப்பிடலாம். சீன நாட்டவரான ஸியா போயூ 1975 இல் எவரெஸ்ட் ஏற முயன்ற குழுவில் இருந்தார். நோயுற்ற தோழர் ஒருவருக்குத் தம் உறக்கப் பையைக் கொடுத்துவிட்டுக் கடுங்குளிரில் இரவைக் கழித்தார். பனி கடித்து இரு பாதங்களும் போயின. 1996 இல் புற்றுநோய் காரணமாக முழங்காலுக்குக் கீழே கால்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின்னும் அவர் மலையை மறக்கவில்லை. 2014 இல் பனிச்சரிவும் 2015 இல் பூகம்பமும் தடுத்தன. 2016 இல் உச்சிக்கு ஏறத்தாழ நூறு மீட்டரே இருக்கையில் புயல் எழுந்தது. நாற்பதாண்டு ஆசை கண்ணெதிரே இருந்தும் திரும்பி இறங்கினார். தடை நிறுத்தி வைக்கப்பட்டபின், 2018 மே 14 ஆம் நாள், 69 ஆம் வயதில் உச்சியை அடைந்தார். 2016 இல் அவர் திரும்பி இறங்கியதை நாம் தோல்வி என்று சொல்ல மாட்டோம். எங்கே நிறுத்துவது என்பதைத் தாமே தீர்மானிக்கும் அறிவு அவரிடம் இருந்தது. அவ்வறிவு உடையவரை, வாசலிலேயே நிறுத்திவைக்க மற்றவருக்கு என்ன உரிமை?

இன்னொரு மறுப்பும் உண்டு. அது நமக்கு இன்னும் முக்கியம். "காலற்றவர் எல்லோரும் எவரெஸ்ட் ஏற முடியுமா? ஆயிரத்தில் ஒருவர் செய்ததைச் சொல்லிக்காட்டி, மற்ற 999 பேரின் மனத்தைப் புண்படுத்தலாமா?" என்கிறார்கள். உண்மைதான். "அவன் மலையே ஏறிவிட்டான், உனக்கு எழுந்து உட்காரவும் சோம்பலா?" என்று நோயாளியிடம் சொல்வது கொடுமை. வீரர் ஒருவரின் பெயரைச் சவுக்காக எடுத்து மற்றவர்களை அடிப்பது அவர் செய்ததற்கே இழுக்கு. புதா மகர் ஏறிய விதத்தைக் கவனித்தால் அவருடைய செயலிலிருந்து நாம் கற்கவேண்டியது வேறு என்பது விளங்கும்.

அவர் தனியே ஏறவில்லை. மலைக்கென்றே குட்டையாகச் செய்யப்பட்ட செயற்கைக் கால்கள் இருந்தன. அவற்றின் அடியில் பனியைப் பற்றும் இரும்பு முட்கள் இருந்தன. கயிறு இருந்தது, செர்ப்பாக்கள் இருந்தனர், தம்மைப்போல் கூர்க்காப் படையில் இருந்த தோழர் வழிநடத்தினார். ஆயினும் எவரும் அவரைத் தூக்கிச் சென்று உச்சியில் வைத்துவிடவில்லை. ஏறும் வேலையை அவர் செய்தார். ஏறுவதற்கான ஏற்பாட்டைப் பலர் செய்தனர். உடற்குறையுள்ளோருக்கு உதவி என்பதன் முழு இலக்கணமும் இதில் அடங்கியிருக்கிறது. அவருடைய வேலையை நாம் பறித்துக்கொள்ளலாகாது. அவருக்கு வேண்டிய ஏற்பாட்டில் குறை வைக்கவும் ஆகாது. ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டியவர்கள் நாம். ஆகவே எவரெஸ்ட் நமக்குச் சொல்லும் பாடம் காலற்றவருக்கன்று, கால் உள்ளவருக்கே.

இவ்வாறு ஏற்பாடு செய்து காட்டிய ஒரு மருத்துவரின் வரலாற்றையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939 இல் இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944 இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்களுக்கான பிரிவை ஏற்றார். அக்காலத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர் நெடுநாள் பிழைப்பதில்லை. படுக்கைப் புண்ணும், சிறுநீர்த் தாரையில் பற்றும் நஞ்சும் அவர்களைக் கொன்றன. ஆகவே மற்றவர்கள் இரக்கத்தோடு அவர்களைப் படுக்கையில் கிடத்தி, வலி தெரியாமல் மருந்து கொடுத்து, முடிவை எதிர்பார்த்திருந்தனர். குட்மன் அதற்கு இணங்கவில்லை. இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்தார். புண் ஆறியது. பின்பு எழுப்பி உட்கார வைத்தார்; தொழில் கற்பித்தார்; பந்து கொடுத்தார், வில்லும் கொடுத்தார். 1948 ஜூலை 29, இலண்டனில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்து பதினாறு பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். 1960 இல் ரோமாபுரியில் 23 நாடுகளிலிருந்து ஏறக்குறைய நானூறு பேர் கூடினர். இன்று பாராலிம்பிக் எனப்படும் பந்தயம் இவ்வாறு வளர்ந்ததே. படுக்கவைத்த இரக்கம் கொன்றது. எழுப்பி உட்காரவைத்த இரக்கம் பிழைக்கவைத்தது. இரண்டுக்கும் பெயர் இரக்கம்தான்!

இப்போது நம் வீட்டுக்கும் நம் கடைக்கும் வருவோம். போர் இல்லாத நம் நாடுகளில் கால்களைக் கொண்டுபோவது வெடிகுண்டன்று, பெரும்பாலும் நீரிழிவு. சர்க்கரை வியாதி நம்மவரிடையே எவ்வளவு மிகுதி என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். நாற்பதாண்டுக் காலம் கடையில் நின்று, கொள்முதலும் விற்பனையும் விரல்நுனியில் வைத்திருந்த ஒருவர், காலில் ஒரு சிறு புண் ஆறாமல் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டு வீடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். "வாப்பா, நீங்கள் உழைத்தது போதும். இனிக் கடைக்கு வந்து சிரமப்பட வேண்டாம். எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். சாவிக்கொத்து கைமாறுகிறது. அறையில் தொலைக்காட்சி வைக்கிறார்கள்; பணியாள் வைக்கிறார்கள்; வேளைக்கு உணவும் மருந்தும் வருகின்றன. ஒன்றுக்கும் குறைவில்லை. ஆனால் அவரிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. சரக்கு என்ன விலைக்குப் பேசலாம் என்று கேட்பதில்லை. இன்னாருக்குக் கடன் கொடுக்கலாமா என்று கேட்பதில்லை. ஆறு மாதத்தில் அவர் பேச்சைக் குறைத்துவிடுகிறார். இரவில் உறக்கமில்லை. உணவில் விருப்பமில்லை. "வயதாகிவிட்டது" என்று வீட்டார் சொல்லிக்கொள்கிறார்கள்.

நேபாள அரசு சட்டத்தால் செய்ததை, நாம் அன்பினால் செய்கிறோம். வேறென்ன சொல்வது? நம் ஏட்டில் ஒரு கடனை வாராக்கடன் என்று எழுதித் தள்ளுமுன் எத்தனை முறை யோசிக்கிறோம்! ஆள் அனுப்புகிறோம், தவணை கொடுக்கிறோம், பாதியாவது வருமா என்று பார்க்கிறோம். உயிருள்ள மனிதரை மட்டும், அவரையே கேளாமல், ஒரு நாளில் எழுதித் தள்ளிவிடுகிறோம்.

புதா மகர் எடுத்துரைக்கும் இரண்டாவது செய்தி இங்கேதான் வந்து பொருந்துகிறது. உடலின் குறையைவிட, "இனி நான் எதற்கும் உதவேன்" என்ற எண்ணமே ஆளை அழிக்கிறது. அவ்வெண்ணம் சோம்பலாலோ பலவீனத்தாலோ வருவதன்று. அது ஒரு நோய்; அதற்கு மருத்துவம் உண்டு. மலையும் கடலும் மருத்துவருக்கு மாற்று என்று நாம் சொல்ல வரவில்லை. மனம் சோர்ந்தவருக்கு மருத்துவரின் துணை வேண்டும். மருந்து வேண்டியிருந்தால் அதுவும் வேண்டும். ஆனால் மருந்து உண்டபின் அவர் வாழ்வதற்கு ஒரு வாழ்வும் வேண்டும். வெளிக்காற்றும், உடல் களைத்து வரும் உறக்கமும், தம்மை நம்பி ஒரு வேலையை ஒப்படைக்கும் தோழர்களும் அந்த வாழ்வின் பகுதி. நான்கு சுவர்களுக்குள் கிடைக்காத ஒன்று திறந்த வெளியில் கிடைக்கிறது. அங்கே ஒருவர் நோயாளியாக மட்டும் இருப்பதில்லை.

சட்டங்கள் மெல்லத் திருந்தி வருகின்றன. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தும் பழைய விதியைச் சிங்கப்பூர் 2020 ஜனவரி முதல் நீக்கிவிட்டது. 2023 இல் மலேசிய நாடாளுமன்றமும் அவ்வாறே நீக்க முடிவு செய்தது. உயிரை வெறுக்கும் அளவுக்கு மனம் நொந்தவருக்கு வேண்டியது சிகிச்சை, சிறையன்று என்பதை இரு நாடுகளும் ஒப்புக்கொண்டுவிட்டன. ஆனால் சட்டம் திருந்தினால் போதாது. வீட்டுப் பேச்சும் திருந்த வேண்டும். "இதையெல்லாம் வெளியே சொல்லாதே, பெண் கொடுக்க மாட்டார்கள், கடன் கொடுக்க மாட்டார்கள்" என்று வாயை அடைப்பது இன்னும் நம்மிடையே உண்டு. மனநோயை மறைப்பதால் குடும்பத்தின் மானம் காக்கப்படுகிறது என்று நினைக்கிறோம். புண்ணை மூடிவைத்துக் காலை இழந்தவரைப் பார்த்தபின்னும் நாம் இப்படி நினைக்கலாமா?

ஆகையால் நாம் சொல்ல விரும்புவது இதுதான். இரக்கம் வேண்டும், அது விசாரிக்கும் இரக்கமாக இருக்க வேண்டும். "உமக்கு இது ஆகாது" என்று நாம் முடிவு செய்யுமுன், "உமக்கு என்ன வேண்டும்? எதுவரை முடியும்? நாங்கள் எதைச் செய்து தர வேண்டும்?" என்று கேட்க வேண்டும். விடை அவருடையது. இல்லை, எனக்கு ஓய்வே வேண்டும் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை. மலை ஏறுவது எவ்வாறு கடமையன்றோ, அவ்வாறே கடைக்கு வருவதும் கடமையன்று. வழி திறந்திருக்கிறதா என்பதே கேள்வி.

வழியைத் திறப்பதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஐந்தடி நடைபாதையிலிருந்து கடைக்குள் ஏறும் படியின் மீது ஒரு சாய்தளம் போடத் தச்சருக்கு ஒரு பகல் வேலை. கல்லா மேசையைச் சற்றுத் தாழ்த்தினால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் அங்கே அமர்ந்து கணக்குப் பார்க்கலாம். ஊனமுற்றவர் ஒருவர் வேலை கேட்டு வந்தால், முடியாது என்று சொல்லுமுன் ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லலாம். சங்கத்தின் சார்பில் கடற்கரைக்கோ மலைவாசத்துக்கோ உல்லாசப் பயணம் புறப்படும்போது, வீட்டோடு இருப்பவர் பெயரையும் பட்டியலில் சேர்த்து, அவர் ஏறத்தக்க வாகனத்தை அமர்த்தலாம். வர இயலாது என்று அவர் சொல்லட்டும்; அவருக்காக நாம் சொல்ல வேண்டாம்.

நம் வாசகர்களுள் சிலரது வீட்டிலும், மேலே சொன்னதுபோல் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் பெரிய உபதேசம் எதுவும் வேண்டாம். இன்றிரவு கடையை அடைத்துவிட்டு வீடு சென்றதும், அன்றைய கணக்குச் சிட்டையை அவர் கையில் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பாருங்கள், இந்தச் சரக்கை இந்த விலைக்கு எடுக்கலாமா?" என்று கேளுங்கள். அவர் விடை சொல்ல நேரம் ஆகலாம். பொறுமையோடு காத்திருங்கள்.